ஒரு தட்டு என்றால் போ

அநீதிக்கு எதிராகத் தனி மனிதன் ஒருவன் நிமிர்ந்து நின்ற நாட்களை மனித குலம் பொன்னெழுத்தில் பொறித்து வைத்திருக்கிறது. அந்த வரிசையில் இன்னொரு நாளும் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குச் சேர்ந்திருக்க வேண்டியது. நீதிமன்றக் கட்டடத்தில் தண்ணீர் வராததால் பன்னிரண்டு மணிக்குத் தள்ளிப்போயிற்று.

தள்ளிப்போனதில் மாஸ்டருக்கு வருத்தமில்லை. மூன்றாம் மாடி வராந்தாவில், ஒரு கால் ஆடுகிற பெஞ்சில் உட்கார்ந்து, தன் கையாலேயே எழுதிய எட்டுப் பக்க வாதத்தை இன்னொரு முறை உதட்டுக்குள் ஓட்டிப் பார்க்க நேரம் கிடைத்தது. முழங்கால்களுக்கு நடுவே சுருட்டிய வரைபடம் ஒன்று துப்பாக்கி மாதிரி நிமிர்ந்து நின்றது. மடியில் மஞ்சள் அட்டை போட்ட புத்தகம். ஒரு பக்கம் மச்சினன், மறுபக்கம் சாட்சி. வக்கீல் கிடையாது. வக்கீல் வைத்தால் பேச்சை அவர் பேசிவிடுவார் என்பது மாஸ்டரின் கவலை.

மாஸ்டர் என்றால் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அவருடைய விசிட்டிங் கார்டில் நிறுவனர், முதல்வர், தலைமைப் பயிற்றுநர் என்று மூன்று பதவிகள் அச்சாகியிருந்தன. மூன்றிலும் அவரே இருந்ததால் பள்ளி நிர்வாகத்தில் கருத்து வேறுபாடு வந்ததே இல்லை. பள்ளி என்பது ஒரு சின்ன வெள்ளைக் கார், அதன் கூரையில் ஒரு பலகை, வீட்டு முன்னறையில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு தொலைபேசி, அதை எடுக்க மனைவி. காரில் பக்கத்து இருக்கைக்கும் ஒரு பிரேக்கும் கிளட்சும் உண்டு. படிக்கிறவர் சொதப்பினால் மாஸ்டர் காலை வைப்பார்.

வெறும் காலை வைத்துப் பிழைக்கிற சாதாரண டிரைவிங் மாஸ்டர்களில் ஒருவராகத் தன்னை யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக அவர் ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தார். பேச்சு, கற்பவரின் மனத்தைக் கலைக்கிறது; ஆகவே ஆசிரியர் பேசக் கூடாது; டாஷ்போர்டைத் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால் போ. இரண்டு தட்டு என்றால் நிறுத்து. மூன்று தட்டு என்றால் ஓரம் கட்டி இறங்கு, மிச்சத்தை நான் ஓட்டிக்கொள்கிறேன். முதல் பதினைந்து வகுப்புகளுக்கு மாணவர் தட்டுக்கு மட்டுமே கட்டுப்பட்டவர். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தாலும் சரி, முன்னால் எது தெரிந்தாலும் சரி, தட்டுதான் சட்டம். இதையெல்லாம் நாற்பது பக்க மஞ்சள் புத்தகமாக அச்சடித்து, சேர்கிற ஒவ்வொருவருக்கும் கொடுத்து, மறுநாள் கேள்வி கேட்பார். "சொந்தப் புத்தி பதினாறாம் வகுப்பிலிருந்து" என்ற வாசகம் நான்காம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. தொண்டை கட்டிப் பேச்சே வராமல் போன ஒரு மழைக்காலத்தில் கண்டுபிடித்த முறை அது என்று மனைவி மட்டும் வந்து போகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சாட்சியாக வந்திருந்தவர் ஒரு பல் டாக்டர். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் கார் பழகிக்கொண்டிருந்தார். நாலு மாதத்துக்கு முன் அவருடைய பன்னிரண்டாம் வகுப்பில்தான் அது நடந்தது. மத்தியானம் இரண்டு மணி, மார்க்கெட்டை ஒட்டிய நாற்சந்தி, சிக்னலில் நின்றிருந்த கார் நகர்ந்து வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. விளம்பரப் பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு காவலர் விசிலோடு வெளியே வந்தார். மாஸ்டர் நிமிர்ந்து பார்த்தபோது விளக்கு பச்சையாக இருந்தது. அதை அவர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். காவலரோ சிவப்பில் தாண்டியதாகச் சீட்டு எழுதினார். பயிற்சிக் காரில் பயிற்றுநர்தான் ஓட்டுநர் என்பது சட்டமாதலால் சீட்டு மாஸ்டர் பெயருக்கே வந்தது.

அபராதம் பெரிய தொகையில்லை. கட்டிவிட்டு வந்து வேலையைப் பார்க்கச் சொன்னாள் மனைவி. கட்டினால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம், அதுதான் சிக்கல். பயிற்றுநர் உரிமத்தை ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அவருக்கு அடுத்த மாதம் கெடு. சிவப்பு விளக்கைத் தாண்டியதாக ஒரு பதிவு இருந்தால் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று உரிம அலுவலக ஜன்னலில் இருந்தவர், சாப்பிட்டுக்கொண்டே, நாலு வார்த்தையில் சொல்லி அனுப்பிவிட்டார். மாஸ்டருக்கு ஐம்பத்தாறு வயது. பக்கத்து இருக்கையில் உட்காருவதைத் தவிர அவருக்கு வேறு தொழில் தெரியாது. இரண்டு வருடம் கழித்து அந்தக் காரும் இருக்காது, தொலைபேசியும் அடிக்காது.

ஆகவே வழக்கு.

மச்சினன் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். ஒரு வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கில் எப்போதோ ஒரு தடவை சாட்சி சொல்லியிருந்ததால், குடும்பத்தில் சட்டத்தைக் கரைத்துக் குடித்தவன் என்று பெயர். கடையின் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இருவரும் நாற்சந்தியின் நடுவில் குனிந்து அளந்தார்கள். ஒரு பஸ் டிரைவர் வண்டியை நிறுத்தி, ரோட்டுக்கு டைல்ஸ் போடப் போகிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். ஆனால் அளந்ததில் ஒரு உண்மை கிடைத்தது. காவலர் நின்ற இடத்திலிருந்து அந்த விளக்கு தெரியாது. விளம்பரப் பலகையின் ஓரமும் ஒரு மரக்கிளையும் சேர்ந்து அதை முழுசாக மறைத்தன. மாஸ்டர் அதை ஐந்து வண்ணத்தில் வரைபடமாகப் போட்டார். மரத்துக்கு மட்டும் இரண்டு பச்சை.

உண்மையைச் சொன்னால், வழக்கில் அவர் பக்கம் பலமாகத்தான் இருந்தது. அதுதான் இந்தக் கதையில் வருத்தமான விஷயம்.

முதல் தவணைக்குக் காவலர் வரவில்லை. இரண்டாவது தவணைக்கு நீதிபதி வரவில்லை. நேர மேலாண்மை பற்றிய பயிற்சிக்குப் போயிருந்தார். இரண்டு தடவையும் டாக்டர் தன் கிளினிக்கை மூடிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போனார். இந்த மூன்றாம் தவணைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள்.

"மாஸ்டர், நான் சாட்சி சொல்லித்தான் ஆகணுமா?" என்று டாக்டர் மெதுவாகக் கேட்டார். "நான் சொல்லாம இருந்தா உங்களுக்கு நல்லதோன்னு தோணுது."

"நீங்க ஒண்ணும் பயப்பட வேண்டாம். உண்மையைச் சொன்னா போதும்."

டாக்டர் வாயைத் திறந்தார். சாட்சியோடு முன்கூட்டியே பேசுவது குற்றம், உள்ளே போட்டுவிடுவார்கள் என்று மச்சினன் குறுக்கே விழுந்தான். நாலு மாதமாக இதே காரணத்தால் டாக்டரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. மாஸ்டருக்குக் கேட்கத் தோன்றவும் இல்லை. தான் பார்த்த பச்சையைத்தானே அவரும் பார்த்திருப்பார்.

பன்னிரண்டே காலுக்குக் கூப்பிட்டார்கள்.

நீதிமன்றம் என்றதும் மாஸ்டர் மனத்தில் உயரமான தூண்களும் கனத்த மௌனமும் இருந்தன. இருந்தது ஒரு பழைய வகுப்பறை அளவுக்கான கூடம். மின்விசிறி சுற்றியது, காற்று எங்கே போகிறது என்று தெரியவில்லை. சுவரோரம் கட்டுக் கட்டாகக் கோப்புகள், அவற்றின்மேல் யாரோ காயப்போட்ட ஒரு குடை. நீதிபதி அம்மாளுக்கு ஜலதோஷம். ஒரு கையில் கைக்குட்டையும் ஒரு கையில் பேனாவுமாக, வழக்குக்கு ஒரு நிமிடம் என்று தீர்த்துக்கொண்டிருந்தார். எழுத்தர் எண்ணைச் சொல்வார், ஆள் வந்து நிற்பார், "ஒத்துக்கிறேன்" என்பார், போவார். ரேஷன் கடை வரிசைகூட இவ்வளவு சுறுசுறுப்பாக நகர்ந்து மாஸ்டர் பார்த்ததில்லை.

நாற்பத்தோராம் எண்ணுக்கு மாஸ்டர் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, ஒத்துக்கொள்ளவில்லை என்றார். எழுத்தரின் பேனா நின்றது. பின் வரிசையில் ஒருவர், இன்றைக்குச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

காவலர் கூண்டில் ஏறினார். இளவயது, நேர்மையான முகம், வெயிலில் கறுத்த கழுத்து. மாஸ்டர் இரண்டாம் பக்கத்தைப் புரட்டிவைத்துக்கொண்டு, எங்கே நின்றீர்கள் என்று கேட்டார். விளம்பரப் பலகைக்குப் பின்னால் என்றார் காவலர். எதற்காக அங்கே? நிழலுக்காக. அங்கிருந்து பார்த்தால் விளக்கு தெரியுமா? காவலர் கொஞ்ச நேரம் யோசித்தார். பொய் சொல்லிப் பழகாத ஆள் என்பது தெரிந்தது.

"விளக்கு தெரியாதுங்க. குறுக்கால போற வண்டியெல்லாம் ஓடிட்டிருந்துச்சு. அப்போ இந்தப் பக்கம் சிவப்பாத்தான் இருக்கணும்."

"இருக்கணும்ங்கிறது வேற, இருந்துச்சுங்கிறது வேற" என்றார் மாஸ்டர்.

நீதிபதி அம்மாள் அன்றைய தினத்தில் முதல் முறையாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். கைக்குட்டையைக் கீழே வைத்தார். காவலரிடம், நேரில் பார்க்காததைப் பார்த்ததாகச் சீட்டில் எழுதலாமா என்று கேட்டார். காவலரின் முகத்தில் ஈயாடவில்லை. நீதிபதி ஏதோ நாலு வரி எழுதினார். அந்த நாலு வரியில் மாஸ்டரின் உரிமமும் காரும் தொலைபேசியும் பத்திரமாக உட்கார்ந்திருந்தன.

"சரி. வேற ஏதாவது சொல்லணுமா? இல்லைன்னா முடிச்சிடலாம்" என்றார் நீதிபதி.

எழுத்தர் கோப்பை மூடக் கை வைத்தார். மச்சினன் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தான். கூடத்தில் இருந்த ஐம்பது பேரில் நாற்பத்தொன்பது பேருக்கு விஷயம் முடிந்துவிட்டது தெரிந்தது. ஆனால் மாஸ்டர் கையில் இன்னும் ஆறு பக்கம் மிச்சமிருந்தது. ஐந்து வண்ண வரைபடத்தை யாரும் பிரிக்கவே இல்லை. இருபத்துமூன்று வருடத் தொழிலில் முதல் தடவையாக ஒரு அரசாங்க மேசையில் ஒருவர் அவர் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டிருந்தார். இந்த நேரத்தில் வெறும் விடுதலையை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவது அவருக்கு அற்பமாகப் பட்டது.

ஆகவே பேசினார். காவலர் பார்க்கவில்லை என்பதால் தான் தப்பித்ததாக நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது என்றார். தன் பயிற்சி முறையில் இப்படிப்பட்ட தவறு நடக்கவே வழியில்லை என்பது பதிவில் ஏற வேண்டும் என்றார். மஞ்சள் புத்தகத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போய் எழுத்தரிடம் கொடுத்தார். எழுத்தர் அதில் 'சான்று 1' என்று முத்திரை குத்தினார். அந்தச் சத்தம் மாஸ்டருக்கு இனித்தது. பிறகு சாட்சியைக் கூப்பிட அனுமதி கேட்டார்.

நீதிபதி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நீச்சல் தெரியாதவன் கரையேறிவிட்டுத் திரும்பிக் குதிக்கப் போவதைப் பார்க்கிற பார்வை.

"உங்களுக்கு இது அவசியமே இல்லை. புரியுதா?"

"எனக்கு இல்லைங்கம்மா. நீதிக்கு அவசியம்."

டாக்டர் கூண்டில் ஏறி, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று உறுதி சொன்னார். சொல்லும்போது மாஸ்டரை ஒரு பார்வை பார்த்தார். நோயாளியின் வாய்க்குள் குறடை விடுவதற்கு முன், கொஞ்சம் வலிக்கும் என்று சொல்கிற பார்வை அது. மாஸ்டர் அதைத் தைரியம் சொல்கிற பார்வையாக எடுத்துக்கொண்டார்.

"டாக்டர், கார் கோட்டைத் தாண்டினப்போ விளக்கு என்ன நிறத்துல இருந்துச்சு?"

"சிவப்பு" என்றார் டாக்டர்.

மாஸ்டர் கேள்வியைத் தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று காகிதத்தைப் பார்த்தார். காகிதத்தில் அந்தக் கேள்விக்கு அடுத்து, 'பச்சை என்றதும் சற்று நிறுத்தி, அவையைப் பார்க்கவும்' என்று அவர் கையெழுத்திலேயே இருந்தது. அவையை அவரால் பார்க்க முடியவில்லை. மிச்சக் கேள்விகளை நீதிபதியே எடுத்துக்கொண்டார்.

"சிவப்புன்னு தெரிஞ்சேதான் போனீங்களா?"

"ஆமாங்க."

"ஏன்?"

"தட்டு கேட்டுச்சு. ஒரு தட்டு. ஒரு தட்டுன்னா போ."

"சிவப்பு எரியறப்பவும் போவீங்களா?"

"எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு அது பன்னிரண்டாவது கிளாஸ். சொந்தப் புத்தி பதினாறுலேர்ந்துதான்."

நீதிபதி மஞ்சள் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். நான்காம் பக்கத்தை எடுத்து, ஜலதோஷக் குரலில், நிறுத்தி நிறுத்தி, கூடம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார். ஹாரனையும் முன்னால் தெரிவதையும் பொருட்படுத்தக் கூடாது என்கிற வரியை இரண்டு தடவை வாசித்தார். பிறகு இதை எழுதியது யார் என்று கேட்டார்.

எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். "இது மூணாவது பதிப்புங்கம்மா" என்றார் மாஸ்டர்.

தீர்ப்புக்கு மூன்று வரி போதுமானதாக இருந்தது. முன்பு எழுதிய நாலு வரியை நீதிபதி ஒரே கோடாக அடித்தார். தான் தட்டவே இல்லை, இருபத்துமூன்று வருடத்தில் ஒரு தவறான தட்டு தட்டியதில்லை என்று மாஸ்டர் குரல் உடைந்து சொன்னதற்கு, "சாட்சி உங்க சாட்சிங்க" என்று பதில் சொல்லிவிட்டு நீதிபதி கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். நாற்பத்திரண்டாம் எண் ஏற்கனவே வந்து மாஸ்டரின் பக்கத்தில் நின்று, "ஒத்துக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. வரைபடத்தை என்ன செய்வது என்று யாரும் சொல்லாததால் மாஸ்டர் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். புத்தகத்தைத் தர முடியாது என்று எழுத்தர் சொல்லிவிட்டார். அது இனிமேல் நீதிமன்றத்தின் சொத்து.

வராந்தாவில் எதிரே வந்த காவலர் ஒதுங்கி வழிவிட்டார். அவருக்குத்தான் சங்கடமாக இருந்தது. தான் தோற்றுவிட்டதாகவே நினைத்ததாகவும், இப்படி ஆகும் என்று எதிர்பார்க்கவில்லை என்றும் மெல்லிய குரலில் சொன்னார். ஆறுதல் சொல்கிறாராம். மாஸ்டர் தலையை ஆட்டினார்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் மனைவியிடமிருந்து போன் வந்தது. அடுத்த மாதம் சேருவதற்கு இரண்டு பேர் வந்து முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார்கள், அக்கா தங்கை, காலை நேரம்தான் வேண்டுமாம், பெயரை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். வழக்கு என்ன ஆனது என்று கேட்கவில்லை. ஜெயித்திருந்தால் அவரே முதலில் கூப்பிட்டிருப்பார் என்பது அவளுக்குத் தெரியும்.

"ஏங்க, அவங்ககிட்ட என்ன சொல்ல? தண்ணி குடுத்து உக்கார வெச்சிருக்கேன்" என்றாள் மனைவி.

வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொல் என்று சொல்ல அவருக்கு அரை நிமிடம் ஆயிற்று. சரி என்று அவள் வைத்துவிட்டாள்.

மச்சினன்தான் முதலில் தேறினான். அவனுக்கு வேலை போகவில்லை. மேல்முறையீடு என்றான். முப்பது நாள் கெடு இருக்கிறது, மேல் கோர்ட்டில் இப்படி நிமிடக் கணக்கில் தீர்க்க மாட்டார்கள் என்றான். "விளக்கு சிவப்பாவே இருக்கட்டும் அத்தான். நீங்க தட்டவே இல்லைன்னு நிரூபிச்சா போதும். தட்டாம அவங்களா போனா, அது பழகுறவங்க செஞ்ச தப்பு. உரிமத்துல கை வைக்க முடியாது." சட்டத்தில் அப்படி இருக்கிறதா என்று அவனுக்கே தெரியாது. ஆனாலும் மாஸ்டரின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. தட்டவில்லை என்பதில் மட்டும் அவருக்குத் துளிச் சந்தேகம் கிடையாது. அன்று அந்தச் சிக்னலில் தன் விரல் டாஷ்போர்டைத் தொட்ட ஞாபகமே இல்லை. தன் விரலைத் தனக்குத் தெரியாதா.

மாடிப்படி முனையில் டாக்டர் கைப்பையோடு நின்றிருந்தார். போகவும் மனமில்லை, பக்கத்தில் வரவும் தயக்கம். மாஸ்டரே எழுந்து போனார். கோபமாகப் பேச வேண்டும் என்று நினைத்துத்தான் போனார். போய்ச் சேர்ந்தபோது கெஞ்சலாகத்தான் வந்தது.

"டாக்டர், நல்லா யோசிச்சு சொல்லுங்க. அன்னைக்கு நான் எந்த விரலால தட்டினேன்? அப்பீல்ல இதைத்தான் முதல்ல கேப்பாங்க."

டாக்டர் மச்சினனைப் பார்த்தார். பிறகு படிகளைப் பார்த்தார்.

"உள்ள அதை யாரும் கேக்கலை மாஸ்டர். அதனால நானும் சொல்லலை."

"இப்ப நான் கேக்கறேன்."

"விரல் இல்லை மாஸ்டர். நெத்தி." டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க சீட்டை முன்னாடி இழுத்துப் போட்டு உக்காந்திருப்பீங்களா... அப்படியே தூங்கி விழுந்து டாஷ்போர்டுல இடிச்சுக்கிட்டீங்க. நீங்க தூங்குறப்போ நான் பாட்டுக்கு சிக்னலைப் பாத்துத்தான் ஓட்டுவேன். சத்தம் கேட்டதும் முழிச்சிட்டீங்கன்னு நினைச்சுப் போயிட்டேன்."

அன்று நெற்றியில் புடைத்திருந்ததற்கு, விசில் சத்தத்தில் டாக்டர் போட்ட திடீர் பிரேக்தான் காரணம் என்று மாஸ்டர் வீட்டில் சொல்லியிருந்தார். அப்படித்தான் நம்பியும் இருந்தார்.

"தூங்குறப்போன்னா?" என்று மச்சினன் கேட்டான். "அன்னைக்கு ஒரு நாள்தானே?"

ஐந்தாம் வகுப்பிலிருந்து தினமும் என்றார் டாக்டர்.